வரி முடியும் இடம்: தமிழ் மின்பாடங்களில் வரியிறுதிக் குறியும் பதிப்புக் கட்டுப்பாடும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கல்லிலும் ஏட்டிலும் எழுதப்பட்ட தமிழ்ப் பாடங்களில் வரி என்பது எழுதுபொருளின் அகலத்தால் முடிந்தது. அச்சுப் பதிப்பில் அது யாப்பின் அடியோடு பொருத்தப்பட்டது. கணினிக் கோப்பில் கண்ணுக்குப் புலப்படாத குறியுரு ஒன்றே வரியை முடிக்கிறது. அக்குறியுரு இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடுவதால், பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் வைக்கப்படும் தமிழ் மின்பாடங்களின் திருத்த வரலாறு சிதைவதற்கு இடமேற்படுகிறது. இச்சிக்கலின் வரலாற்றையும், கிட் அமைப்பில் அதனைக் கையாளும் நெறிகளையும், மூலபாட ஆய்வின் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வரியிறுதி, அடி, பாடவேறுபாடு, மின்பாடம், கிட், மதுரைத் திட்டம்

முன்னுரை

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் பெயரால் அக்கோயிலில் தமிழ்ப் பாடல்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லில் பாடலைப் படிப்பவர் இருவகை வரிகளை எதிர்கொள்கிறார். கல்லின் அகலம் தீர்ந்தவுடன் முடிவது ஒரு வரி. சீர்கள் நிரம்பியவுடன் முடிவது மற்றொரு வரி. முன்னது சிற்பியின் கைக்கு எட்டிய இடத்தைப் பொறுத்தது, பின்னது புலவனின் செவியைப் பொறுத்தது. இரண்டும் ஒரே இடத்தில் முடிய வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலும் முடிவதும் இல்லை.

இவ்விரு வரிகளுக்கும் இடையிலான வேறுபாடு கல்வெட்டியலாருக்குப் பழகியதே. 1890 முதல் வெளிவரத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் கல்லின் வரிகளுக்கு எண்ணிட்டுப் பாடத்தைத் தருகின்றன. ஒரு சொல் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குச் சென்றாலும் அம்முறிவு மறைக்கப்படுவதில்லை. ஆனால் அதே பாடம் கணினிக் கோப்பாக மாறும்போது மூன்றாவது வகை வரி ஒன்று சேர்ந்துகொள்கிறது. கல்லும் புலவனும் அறியாத அந்த வரியைப் பற்றித் தமிழ்ப் பதிப்பியல் ஆய்வுகள் மிகக் குறைவாகவே பேசியுள்ளன. அது தொழில்நுட்பரின் கவலை என்று ஒதுக்கப்பட்டதே காரணம். அது பதிப்பாசிரியரின் கவலையும் ஆகும்.

ஏட்டில் வரியும் அச்சில் அடியும்

ஓலைச்சுவடியில் செய்யுளும் உரைநடையைப் போலவே தொடர்ச்சியாக எழுதப்பட்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படவில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படவில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. பல சுவடிகளில் மூலமும் உரையும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. படிப்பவர் யாப்பறிவு உடையவராக இருப்பார் என்பது எழுதியவரின் எதிர்பார்ப்பு. தொல்காப்பியச் செய்யுளியல் குறளடி முதல் கழிநெடிலடி வரை எழுத்தெண்ணிக்கையால் வகுத்ததும், யாப்பருங்கலம் போன்ற பின்னூல்கள் அவற்றைச் சீரெண்ணிக்கையால் வகுத்ததும் செவிவழியாக அடியை உணரும் மரபிலிருந்தே எழுந்தவை. அடி எங்கு முடிகிறது என்பதற்கு ஏட்டில் ஒரு குறியும் தேவைப்படவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழநூல்களை அச்சேற்றியபோது அடியைப் பிரிப்பது பதிப்பாசிரியர் முடிவாயிற்று. 1887இல் வெளிவந்த கலித்தொகையும் சீவகசிந்தாமணியும், 1894இல் வெளிவந்த புறநானூறும் வாசகர் முன் வந்தபோது, ஏட்டின் தொடரோட்டம் தாளில் அடிகளாகப் பிரிந்து நின்றது. இன்று மாணவர் ஒருவர் அகவலை அகவலாகக் கண்ணால் கண்டுகொள்வதற்கு இப்பிரிப்பே காரணம். பதிப்பாசிரியர் அடியை மாற்றிப் பிரித்தால் எதுகையும் மோனையும் இடம் மாறும். சில இடங்களில் பொருளே மாறும். ஆகவே அச்சில் வரி முடிவது ஓர் அலங்காரம் அன்று, ஒரு பாடத் தீர்மானம்.

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தைச் சேர்ந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இதற்கு நல்ல சான்று. சிந்தின் நடையே துண்டு துண்டாக அமைந்து இயைபால் இணைவது. அச்சுப் பதிப்புகள் பலவற்றில் அதன் வரிகள் உள்தள்ளியும் மடித்தும் அமைக்கப்படுவதற்குப் பாடுமுறையே அடிப்படை. கடையநல்லூர், சங்கரன்கோவில், கழுகுமலைப் பகுதிகளில் காவடியெடுப்போர் பாடக் கேட்டவர்க்கு அவ்வரிகள் முடியுமிடம் மனப்பாடம். அச்சைக் கொண்டு மட்டும் கற்பவர்க்கு வரியமைப்பே வழிகாட்டி.

சாமிநாதையரின் மற்றொரு பங்களிப்பும் இங்குக் கருதத்தக்கது. ஏடுகளிடையே கண்ட வேறுபாடுகளைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் தந்த அவரது முறை, பாடத்தின் மாற்றத்தைப் பதிவு செய்யும் ஒழுங்கைத் தமிழுக்கு வழங்கியது. எந்த எழுத்து எங்கே வேறாக இருந்தது என்பதை அறிய வாசகருக்கு வழி கிடைத்தது. இக்கட்டுரை பேசும் பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு, தோற்றத்தில் வேறாயினும், செய்யும் வேலையில் இதனோடு நெருங்கியது.

தொலைதட்டச்சு விட்டுச்சென்ற இரு குறிகள்

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியிலும், பிற தட்டச்சுப்பொறிகளிலும், வரி முடிந்ததும் கைப்பிடியை ஒருமுறை தள்ளினால் போதும். உருளை தொடக்கத்துக்குத் திரும்பும். தாள் ஒரு வரி மேலேறும். கைக்கு ஒரு செயலாகத் தோன்றும் இதில் உண்மையில் இரு இயக்கங்கள் உள்ளன.

தொலைதட்டச்சில் இவ்விரு இயக்கங்களையும் தொலைவிலிருந்து குறியுருக்களால் ஏவ வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டொனால்ட் மரே வகுத்த தந்திக் குறிமுறையில் தொடக்கத்துக்குத் திரும்பும் கேரேஜ் ரிட்டர்ன், தாளை ஏற்றும் லைன் ஃபீட் என்னும் இரு தனிக் குறிகள் இடம்பெற்றன. 1963இல் வெளியான ஆஸ்கி தரத்தில் அவை முறையே 13, 10 என்னும் எண்களைப் பெற்றன. அக்காலத்து டெலிடைப் 33 பொறி நொடிக்கு 10 குறியுருக்களை அச்சிட்டது. அச்சுமுனை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்ப ஒரு குறியுருவின் நேரம் போதாது. இரு குறிகளை அடுத்தடுத்து அனுப்பும் வழக்கம் அப்பொறிக்கு வேண்டிய ஓய்வையும் தந்தது.

பொறி மறைந்தபின் வழக்கம் பிரிந்தது. மல்டிக்ஸ் அமைப்பும் அதன் வழிவந்த யுனிக்ஸும் லைன் ஃபீட் ஒன்றையே வரியிறுதியாகக் கொண்டன. சி.பி.எம். அமைப்பின் வழியில் 1981இல் வந்த டாஸும், பின்னர் விண்டோஸும், இரண்டையும் சேர்த்தே எழுதின. பழைய மாக்கின்டோஷ் கேரேஜ் ரிட்டர்னை மட்டும் கொண்டது; 2001இல் வந்த மாக் ஓ.எஸ். எக்ஸ் யுனிக்ஸ் மரபுக்கு மாறியது. ஒருங்குறித் தரம் வரிப்பிரிப்புக்கும் பத்திப்பிரிப்புக்கும் தனித்தனிக் குறியுருக்களை ஒதுக்கி இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. எழுதிகள் அவற்றை ஏற்கவில்லை. அவை தரநூலில் தங்கிவிட்டன.

மின்பாடங்களும் ஓலையின் மீள்வருகையும்

1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தமிழ் மின்பாட வரலாற்றில் முதன்மையானது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று நடத்திய இத்திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அளித்தனர். வெவ்வேறு கணினி, வெவ்வேறு இயங்குதளம், வெவ்வேறு எழுதி. பாடங்கள் முதலில் மயிலை எழுத்துருவிலும் பின் திஸ்கிக் குறியேற்றத்திலும் அதன்பின் ஒருங்குறியிலும் அமைந்தன. குறியேற்ற மாற்றம் கண்ணுக்குத் தெரிந்த சிக்கல் என்பதால் 1999ஆம் ஆண்டின் தமிழ்நெட்99 மாநாடு தொடங்கிப் பல அரங்குகளில் அது விவாதிக்கப்பட்டது. வரியிறுதி கண்ணுக்குத் தெரியாதது.

தெரிந்த நேரங்களும் உண்டு. யுனிக்ஸ் கணினியில் உருவான உரைக்கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால், அது லைன் ஃபீடை மட்டும் வரியிறுதியாக ஏற்காது. 2018ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 புதுப்பிப்பில்தான் இக்குறை நீங்கியது. அதுவரை ஆசிரியப்பாவின் அடிகள் அனைத்தும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே தொடராகத் திரையில் ஓடின. தாமோதரம் பிள்ளை காலத்தவர் ஓலையில் கண்ட காட்சியே அது. ஒரு வேறுபாடு உண்டு: ஓலையின் தொடரோட்டத்தை யாப்பறிவால் பிரித்தவர்கள் அறிந்தே பிரித்தனர். திரையில் ஒட்டிய வரிகளைக் கையால் பிரித்துச் சேமித்தவர் தாம் ஒரு பாடத்தைப் புதிதாகப் பதிப்பிப்பதாக எண்ணியிருக்க மாட்டார்.

இணையப் பக்கங்களில் நிலைமை இன்னொரு வகையில் மாறியது. எச்.டி.எம்.எல். மொழி கோப்பின் வரியிறுதியை வெறும் இடைவெளியாகவே கொள்ளும். அடியை அடியாகக் காட்ட ஒவ்வோர் அடியின் முடிவிலும் தனி ஒட்டு இடவேண்டும். இதனால் அடி என்னும் யாப்புத் தகவல் கோப்பின் வரியிலிருந்து விலகி ஒட்டுக்குள் குடியேறியது. இது தற்செயலான நன்மை என்றே கொள்ளலாம்.

2660 வரிகள்

பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு என்பது கோப்பின் ஒவ்வொரு திருத்தத்தையும், செய்தவர் பெயர், நாள், காரணக் குறிப்பு ஆகியவற்றுடன் காத்து வைப்பது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். முதல், 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் வரை இவ்வகை அமைப்புகள் பல. 1970களில் ஜேம்ஸ் ஹன்ட், டக்ளஸ் மெக்கில்ராய் ஆகியோர் உருவாக்கிய டிஃப் நிரலின் வழியில், இரு வடிவங்களை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும்போது இவை வரியையே அலகாகக் கொள்கின்றன. எழுத்தும் சொல்லும் அன்று, வரி. நிரல் எழுதுவோருக்காக எடுக்கப்பட்ட அம்முடிவு செய்யுளுக்கும் எதிர்பாராத வகையில் பொருந்திவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு கொள்ளலாம். திருக்குறள் மூலத்தை வரிக்கு ஓரடியாக எழுதினால் 1330 குறளுக்கு 2660 வரிகள் வரும். சென்னையில் லினக்ஸ் கணினியில் ஒருவர் இக்கோப்பை உருவாக்கிக் கிட் களஞ்சியத்தில் இடுகிறார். கடையநல்லூரில் விண்டோஸ் கணினியில் மற்றொருவர் அதனைப் பெற்று, ஓரிடத்தில் றகரத்துக்கு மாறாக ரகரம் இருப்பதைக் கண்டு திருத்துகிறார். அவருடைய எழுதி, கோப்பைச் சேமிக்கும்போது வரியிறுதிகளை எல்லாம் விண்டோஸ் வழக்கத்துக்கு மாற்றிவிடுகிறது. கோப்பு 2660 பைட்டுகள் வளர்கிறது. கிட் அமைப்பு எவ்வித மாற்றமும் செய்யாத நிலையில் இருந்தால், 2660 வரிகளும் மாறியதாகவே அது பதிவு செய்யும். மாறிய எழுத்து ஒன்று.

இதனால் நேரும் இழப்பு மூவகைப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு உண்மையான திருத்தம் எதுவென்று தெரியாது. இதே கோப்பில் வேறொருவர் அதே வேளையில் செய்த திருத்தத்தை இணைக்க முயன்றால் முரண்பாடு தோன்றும். மூன்றாவது, மூலபாட ஆய்வுக்கு மிகக் கேடானது: ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் பிளேம் கட்டளை, இனி நூல் முழுவதையும் கடையநல்லூர்த் திருத்தரின் பெயரில் காட்டும். முன்பு தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், பாடத்தைத் தேர்ந்தவர் ஆகியோரின் தடம் வரலாற்றின் அடியில் இருக்கும். மேலோட்டமான பார்வைக்கு மறைந்துவிடும். பிரதிபேதக் குறிப்பில் எல்லா வரிகளும் வேறு என்று எழுதிவைத்ததற்கு ஒப்பானது இது. எல்லாவற்றையும் வேறு என்று சொல்லும் குறிப்பு எதையும் சொல்வதில்லை.

வரியிறுதி வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் ஒப்பிடும் வசதி கிட்டில் உண்டே என்று வினவலாம். உண்டு, ஒப்பீட்டின்போதும் பிளேம் கட்டளையின்போதும் வெற்றிடங்களைப் புறக்கணிக்கலாம். எனினும் அது வாசகரின் கண்ணுக்கு அணிவிக்கும் கண்ணாடியேயன்றிப் பாடத்தில் நேர்ந்த கலப்பை நீக்குவதன்று. மேலும் எல்லா வெற்றிடங்களையும் ஒருங்கே புறக்கணித்தால் சீர்பிரிப்பில் செய்த திருத்தமும் சேர்ந்து மறையும். தமிழ்ச் செய்யுட் பதிப்பில் வெற்றிடமும் பாடமே.

நெறி நிற்கும் இடம்

கிட்டில் வரியிறுதியை ஆளும் வழிகள் இரண்டு. முதலாவது ஒவ்வொருவரும் தம் கணினியில் வைத்துக்கொள்ளும் ஆட்டோ சி.ஆர்.எல்.எஃப். என்னும் அமைவு. ட்ரூ என்று வைத்தால் களஞ்சியத்துக்குள் லைன் ஃபீடும் பணியிடக் கோப்பில் இரு குறிகளும் இருக்கும். இன்புட் என்று வைத்தால் உள்ளே செல்லும்போது மட்டும் மாற்றம் நிகழும். ஃபால்ஸ் என்றால் மாற்றமே இல்லை. விண்டோஸுக்கான கிட் நிறுவி முதலாவதை முன்மொழிகிறது. லினக்ஸில் இயல்பு நிலை மூன்றாவது. ஆகவே ஒரே பாடத்தில் பணியாற்றும் இருவர் வெவ்வேறு விதிகளின்கீழ் பணியாற்றுவது எளிதில் நேரும். இவ்வமைவு கோப்போடு பயணம் செய்வதில்லை என்பதே இதன் அடிப்படைக் குறை. ஏடெழுதியவரின் கைவழக்கம் அவரோடே நின்றுவிட்டதைப் போல, அது அவரவர் கணினியோடு நின்றுவிடும்.

இரண்டாவது வழி, களஞ்சியத்தின் உள்ளேயே கிட் ஆட்ரிபியூட்ஸ் என்னும் கோப்பில் விதியை எழுதிவைப்பது. உரைக்கோப்புகளைத் தானே கண்டறிந்து சீராக்குக என்பதற்கு டெக்ஸ்ட் ஈக்குவல் ஆட்டோ என்னும் ஒரு வரி போதும். இன்ன வகைக் கோப்பு எப்போதும் லைன் ஃபீடோடு இருக்க வேண்டும் என்றும், சுவடிப் படங்களைத் தொடவே கூடாது என்றும் தனித்தனியே விதிக்கலாம். தனியர் அமைவைவிட இவ்விதிக்கே முதலிடம். களஞ்சியத்தைப் படியெடுப்பவர் எவராயினும் விதியும் அவரோடு செல்லும். பதிப்பாசிரியர் தாம் பின்பற்றிய நெறியை முகவுரையில் எழுதி நூலோடு கட்டிவைப்பதற்கு நிகரானது இது. இரு வழிகளுள் இதுவே கொள்ளத்தக்கது என்பதில் ஐயமில்லை.

எனினும் தானே கண்டறியும் முறை தமிழ்க் கோப்புகளிடம் ஓரிடத்தில் தவறும். பழைய நோட்பேடில் யூனிகோட் என்ற பெயரில் சேமித்த கோப்பு யு.டி.எஃப்.16 வடிவில் இருக்கும். அதில் சுழிய பைட்டுகள் வருவதால் கிட் அதனை உரையென்று கருதாமல் இருமக் கோப்பென்று ஒதுக்கிவிடும். வரியிறுதியும் சீராகாது, ஒப்பீடும் கிடைக்காது. அத்தகைய கோப்புகளை யு.டி.எஃப்.8 வடிவுக்கு மாற்றியபின்னரே களஞ்சியத்தில் இடுவது முறை.

கல்வெட்டுப் பாடங்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தீர்வும் அங்கேதான் முதலில் கிடைத்தது. ஐரோப்பிய ஆய்வுக் கழகத்தின் நிதியுடன் 2019இல் தொடங்கிய தர்மா ஆய்வுத்திட்டம் தமிழ்க் கல்வெட்டுகள் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளை டி.இ.ஐ. குறிமுறையில் அமைத்துக் கிட் களஞ்சியங்களில் வைத்துள்ளது. டி.இ.ஐ. குறிமுறையில் கல்லின் வரி தொடங்கும் இடத்துக்கு ஓர் ஒட்டும், யாப்பின் அடிக்கு வேறோர் ஒட்டும் உண்டு. சொல்லின் நடுவே கல்வரி முறிந்தால் அம்முறிவு சொற்பிரிவு அன்று என்பதையும் குறிக்கலாம். தென்காசிக் கோயிற் பாடலைப் போன்ற ஒன்றை இம்முறையில் எழுதினால் சிற்பியின் வரியும் புலவனின் அடியும் தத்தம் ஒட்டுகளில் நிலைபெறும். கோப்பின் வரியிறுதி பொருளேதும் சுமக்காத வெறும் கருவியாகும். அதனை எந்த இயங்குதளம் எப்படி மாற்றினாலும் பாடம் மாறாது.

ஒட்டுகளற்ற வெற்றுரைக் கோப்புகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. தமிழ் மின்பாடங்களுள் பெரும்பகுதி இன்னும் அவ்வடிவிலோ எச்.டி.எம்.எல். வடிவிலோதான் தனியர் சேமிப்புகளில் உள்ளது. அவற்றைக் களஞ்சியமாக்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1990களின் திஸ்கிக் கோப்பு ஒன்றின் வரியிறுதி, அது எவ்வகைக் கணினியில் கடைசியாகச் சேமிக்கப்பட்டது என்பதற்குச் சான்று. ஒரே கோப்பில் இருவகை இறுதிகளும் கலந்திருந்தால், இருவர் கைபட்டது அல்லது இரு மூலங்கள் ஒட்டப்பட்டது என்று ஐயுற இடமுண்டு. சீராக்கம் இச்சான்றை அழித்துவிடும். எனவே மூலக் கோப்புகளை மாற்றத்துக்கு உட்படாதவை என்று கிட் ஆட்ரிபியூட்ஸில் விலக்கி, தனி அடைவில் கிடைத்தவாறே காத்து, அவற்றின் படியிலிருந்தே பணிப்பாடத்தை உருவாக்க வேண்டும். கிடைத்த ஏட்டில் எழுதித் திருத்தாமல் படியெடுத்துத் திருத்தும் பழைய ஒழுக்கமே இது.

முன்பே கலந்துபோன களஞ்சியங்களுக்கும் வழியுண்டு. 2018இல் வந்த கிட் 2.16 முதல் ரீநார்மலைஸ் என்னும் தெரிவால் எல்லாக் கோப்புகளின் வரியிறுதியையும் விதிப்படி ஒரே முறையில் சீராக்கலாம். அச்சீராக்கத்தோடு ஓர் எழுத்துத் திருத்தமும் கலக்கக் கூடாது. வரியிறுதி மட்டும் மாறியது என்னும் குறிப்போடு அது தனிப் பதிவாக நிற்க வேண்டும். 2019இல் வந்த கிட் 2.23 முதல், குறிப்பிட்ட பதிவுகளைப் புறந்தள்ளி வரிவரலாற்றைக் காட்டும் வசதியும் உண்டு. சீராக்கப் பதிவின் அடையாள எண்ணை ஒரு கோப்பில் எழுதிக் களஞ்சியத்திலேயே வைத்து, அதனைப் பயன்படுத்தும்படி கிட்டை அமைத்தால், பிளேம் கட்டளை அதனைத் தாண்டிச் சென்று முந்தைய திருத்தரின் பெயரைக் காட்டும். வரியிறுதி மாற்றமும் எழுத்துத் திருத்தமும் தனித்தனிப் பதிவுகளாக இருந்தால், றகரத்தைத் திருத்தியவர் பெயர் அந்த ஓர் அடிக்கு எதிரே நிற்கும். மற்ற 2659 அடிகளுக்கும் அவற்றை முதலில் தட்டச்சு செய்தவர் பெயர் திரும்பிவரும்.